பூட்டிக் கிடக்கப்போகும் அறை: கொல்லைப்புற விருந்தறையின் உள்வேலை

முந்தைய அத்தியாயத்தை, தளக் கான்கிரீட் இறுகி, முட்டுப் பிரித்து, செங்கல் சுவர் பூச்சில்லாமல் நிற்கும் கட்டத்தில் நிறுத்தினோம். இனி உள்வேலை. நான் கணக்குக்கு எடுத்துக்கொள்வது காவிரிப் படுகையில், கும்பகோணம் மயிலாடுதுறைப் பக்கத்து நீளமான மனைகளில், கிணற்றடிக்கு அப்பால் எழும்பும் அறை. 12க்கு 14 அடியில் ஒரு படுக்கையறை, 5க்கு 8 அடியில் குளியலறை, முன்னால் இரண்டு பேர் உட்காரத் திண்ணை, உள் உயரம் 10 அடி. உங்கள் அளவு கூடலாம், குறையலாம். வேலையின் வரிசை மாறாது.

தொடங்குமுன் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் இருக்கும் அறையில் தினமும் யாராவது புழங்குவார்கள். ஜன்னல் திறக்கும், விசிறி சுற்றும், குழாயில் தண்ணீர் ஓடும், துடைப்பம் படும். இந்த அறையோ வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் பூட்டிக் கிடக்கும். பொங்கல், கோடை விடுமுறை, ஊர்த் திருவிழா, ஒரு கல்யாணம் என்று நாலைந்து முறை திறப்போம். திறந்த அன்றே அது நேற்றும் ஆள் இருந்த அறைபோல இருக்க வேண்டும். பூச்சிலிருந்து மெத்தை வரை நான் இங்கே சொல்லும் யோசனைகளில் பெரும்பாலானவை இந்த ஒரே காரணத்தில் பிறந்தவை. உங்கள் வீட்டுக் கூடத்துக்கு நான் வேறு யோசனை சொல்வேன்.

எந்த மாதத்தில்

எங்கள் பக்கத்தில் உள்வேலையைத் தை பிறந்ததும் தொடங்கிப் பங்குனிக் கடைசியில் முடிப்பது உத்தமம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் கொளுத்தத் தொடங்கியிருக்காது. ஐப்பசி கார்த்திகையில் பூசிய சுவர் காய்வதற்குள் அடுத்த மழை வந்துவிடும். சித்திரை வைகாசியில் பூசினால், சித்தாள் வாளியோடு வருவதற்குள் பூச்சு உலர்ந்து மயிரிழை வெடிப்பு விழும்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். மகளுக்குத் தலைதீபாவளி, மாப்பிள்ளை வந்து தங்க அறை தயாராக வேண்டும். புரட்டாசிக் கடைசியில் பூச்சு முடிந்தது. பதினைந்தாம் நாள் மேஸ்திரி சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "நல்லா காஞ்சிருச்சுங்கய்யா, பெயின்டரை வரச் சொல்லுங்க" என்றார். நானும் அதைத்தான் கேட்க விரும்பினேன். தீபாவளிக்கு அறை பளிச்சென்று இருந்தது. பிறகு பூட்டினோம். பொங்கலுக்குத் திறந்தபோது மேற்குச் சுவரில் பெயின்ட் அப்பளம்போல உப்பி நின்றது. அதற்குக் கீழே வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. சம்பந்தி வீட்டார் ஒன்றும் சொல்லவில்லை. மெத்தையை மட்டும் அந்தச் சுவரிலிருந்து நகர்த்திப் போட்டுக்கொண்டார்கள். சுரண்டி, காயவிட்டு, மறுபடி பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்ததில் முதல் கூலிக்குச் சமமாக இரண்டாம் கூலியும் ஆயிற்று.

அறை எந்தத் தேதிக்கு வேண்டும் என்பதை விட்டுவிட்டு, எந்த மாதத்தில் பூச முடியும் என்பதிலிருந்து உங்கள் கணக்கைத் தொடங்குங்கள்.

மேலே முதலில்

உள்ளே கரணையை எடுக்குமுன் மொட்டை மாடியை முடித்துவிடுங்கள். தனித்து நிற்கும் ஒற்றை மாடி அறைக்கு மேலே நிழல் தர வேறு தளம் கிடையாது. வெயில் நேராகத் தளத்தில் இறங்கும், மழையும் அப்படியே. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்து இடித்துப் போடும் தளத்தின் மேல் தட்டோடு பதிப்பது நம் ஊரில் தலைமுறைகளாக நடந்துவரும் வழி. இன்று பலரும் வெள்ளை கூலிங் டைல்ஸ் பதிக்கிறார்கள். இரண்டில் எதுவானாலும் சரி, தண்ணீர் தாரைக் குழாயை நோக்கி ஓடும்படி வாட்டம் இருக்க வேண்டும். ஒரு பகல் தண்ணீர் தேக்கி, உள்ளே கூரையில் ஈரத் திட்டு தெரிகிறதா என்று பார்த்த பிறகே உட்பூச்சு. பூசி முடித்துப் பட்டியும் பார்த்துவிட்டு ஒழுக்கைக் கண்டுபிடிப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சுண்ணக்கட்டியோடு ஒரு மாலை

மின்வேலைக்காரர் காடி வெட்ட வருவதற்கு முந்தைய நாள் மாலை, வீட்டுப் பெண்களையும் வயதானவர்களையும் அழைத்துக்கொண்டு வெறும் அறைக்குள் போங்கள். கையில் ஒரு சுண்ணக்கட்டியும் அளவு டேப்பும் போதும். தரையில் கட்டிலை வரையுங்கள். இருவர் படுக்கும் கட்டிலுக்கு 5க்கு 6½ அடி ஒதுக்க வேண்டும். அலமாரி, மேசை, பெட்டி வைக்கும் இடம், குளியலறைக் கதவு திறக்கும் வளைவு எல்லாவற்றையும் வரையுங்கள். பிறகு ஒருவர் அந்தக் கட்டில் கோட்டுக்குள் பாய் விரித்துப் படுத்துப் பார்க்கட்டும்.

படுத்தால் தெரியும். இந்த அறைக்கு வருபவர் உங்கள் வீட்டு ஸ்விட்சுகளை அறியாதவர். நடு இரவில் எழுந்தால் அவர் இருட்டில் சுவரைத் தடவுவார். உங்களைக் கூப்பிட்டுக் கேட்கக் கூச்சப்படுவார். ஆகவே அறை விளக்குக்குக் கதவோரம் ஒன்று, தலைமாட்டில் ஒன்று என்று டூ வே ஸ்விட்ச் கட்டாயம். கதவோரப் பெட்டி தரையிலிருந்து 4 அடியில் இருக்கட்டும். தலைமாட்டுப் பெட்டியை இரண்டரை அடியில் வையுங்கள். விளக்கு, விசிறி, கைப்பேசிக்கு ஒரு 6 ஆம்பியர் பிளக் மூன்றும் அதில் வந்துவிட வேண்டும். கட்டிலின் இரண்டு பக்கமும் பிளக் இருந்தால் கணவன் மனைவிக்குள் சண்டை மிச்சம். குளியலறைக்குள் ராத்திரி முழுக்க எரிய அரை வாட் விளக்கு ஒன்று போதும். அதற்கும் இப்போதே ஒரு குழாய் விட்டுவிடுங்கள்.

வயர் கணக்கு இது: விளக்குக்கும் விசிறிக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர், சாதாரண பிளக்குக்கு 2.5, ஏசிக்கும் கீசருக்கும் தனித்தனியாக 4. ஏசி இப்போது வாங்கப்போவதில்லை என்றாலும் 7 அடி உயரத்தில் அதற்கான குழாயையும் பெட்டியையும் போட்டு, வெளியே தண்ணீர் வடியும் குழாய்க்குத் துளையும் விட்டு மூடிவையுங்கள். பின்னால் பூசிய சுவரைக் கொத்துவதைவிட இது மலிவு.

பெரிய வீட்டு மெயினிலிருந்து இங்கே வரும் கேபிள் கவசமிட்டதாக இருக்க வேண்டும். 6 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கேபிள் ஒரு கீசரையும் ஒரு ஏசியையும் தாங்கும். மண்ணுக்குள் இரண்டரை அடி ஆழத்தில் புதைத்து, மேலே ஒரு வரிசை செங்கல் அடுக்கி மண் தள்ளுங்கள். அடுத்த முறை வாழைக்கன்று வைக்க மண்வெட்டி போடுபவர் முதலில் செங்கல்லைத்தான் தொடுவார். அறைக்கென்று தனி எர்த் குழி, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, எல்லாச் சுற்றுக்கும் எம்சிபி ஆகியவற்றில் சிக்கனம் பார்க்காதீர்கள். மெயின் பெட்டியைத் திண்ணைப் பக்கம் கைக்கெட்டும் உயரத்தில் வையுங்கள். விருந்தாளி புறப்பட்டதும் நீங்கள் உள்ளே போகாமலே ஒரே ஸ்விட்சில் அறை முழுவதையும் அணைக்க முடிய வேண்டும். பூட்டிய அறையில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கத் தேவையே இல்லை. எலி வயரைக் கடித்தாலும் நஷ்டம் வயரோடு நின்றுவிடும்.

பூச்சு

காடிக்குள் குழாயும் பெட்டிகளும் உட்கார்ந்த பின், கான்கிரீட்டும் செங்கல்லும் சேரும் இடம் எல்லாவற்றிலும், லிண்டல் ஓரம், தூண் ஓரம், காடியின் மேல், கோழிவலையை ஆணியடித்து இழுத்துக் கட்டச் சொல்லுங்கள். இரண்டு பொருளும் வெயிலில் வெவ்வேறு அளவில் விரிவதால் அந்தக் கோட்டில்தான் வெடிப்பு ஓடும். கொத்தனார்கள் இதைத் தவிர்க்கப் பார்ப்பார்கள். நீங்களே வலையை வாங்கி வந்து கையில் கொடுத்துவிட்டால் தவிர்க்க மாட்டார்கள்.

கூரை முதலில், சுவர் பிறகு. கூரைப் பூச்சு 6 மில்லிமீட்டர், உட்சுவர்ப் பூச்சு 12 மில்லிமீட்டர். சுவர் கோணலாக இருந்து இடத்துக்கு இடம் ஓர் அங்குலம் கனம் ஏற்ற வேண்டி வந்தால், ஒரே பூச்சில் ஏற்றாமல் இரண்டு நாளாகப் பிரித்து ஏற்றச் சொல்லுங்கள். பூச்சுக்கென்று சலித்து வரும் பி-சாண்டையே வாங்குங்கள். கட்டு வேலைக்கு வந்த எம்-சாண்டில் மிச்சம் கிடக்கிறதே என்று அதைக் கலக்க விடாதீர்கள். கூரைக்கு ஒரு பங்கு சிமெண்டுக்கு 4 பங்கு மணல், சுவருக்கு 5 பங்கு. தூக்குக்குண்டும் மட்டப்பலகையும் கொத்தனார் கையில் இருக்கின்றனவா என்று பார்ப்பது அவரை அவமதிப்பதாகாது. நல்ல கொத்தனார் அவற்றைக் கேட்குமுன்னே எடுத்து வைத்திருப்பார்.

சிமெண்டுக் கலவையில் உப்பு நீர் கூடாது. கடலுக்கு அருகிலுள்ள ஊர்களில் போர்வெல் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தாலே தெரியும். கரித்தால் நல்ல தண்ணீர் லாரிக்குச் சொல்லிவிடுங்கள். எங்கள் சுவரில் பூத்த உப்பில் பாதிக்கு ஈரம் காரணம் என்றால், மீதிக்குக் கொல்லைப் போர்வெல்லே காரணம் என்று இன்றும் சந்தேகப்படுகிறேன்.

பூசிய மறுநாளிலிருந்து 7 நாள் காலையும் மாலையும் தண்ணீர் அடிக்க வேண்டும். இன்று கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் சாம்பல் கலந்த சிமெண்டு. அதற்கு 10 நாள் கொடுங்கள். அதன் பிறகு கதவு ஜன்னலைத் திறந்து போட்டுவிட்டுச் சுவரை மறந்துவிடுங்கள். 28 நாள் கழியாமல் பட்டி கூடாது. நாள் கணக்கை நம்ப மனமில்லை என்றால் இன்னொரு சோதனை இருக்கிறது. ஓர் அடிச் சதுரத்துக்குப் பாலிதீன் தாளைச் சுவரில் ஒட்டி, நான்கு ஓரத்தையும் டேப்பால் அடைத்து ஓர் இரவு விடுங்கள். காலையில் தாளின் உட்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் சுவர் காயவில்லை. உள்ளங்கையைவிட இது நேர்மையானது.

காத்திருக்கும் மாதத்தில் குளியலறை

சுவர் காயும் 28 நாளை வீணாக்க வேண்டாம். குளியலறை முழுவதையும் இந்த இடைவெளியில் முடித்துவிடலாம்.

தரைக் கான்கிரீட் போட்டபோதே குளியலறையை 8 அங்குலம் பள்ளமாக விட்டிருப்பீர்கள். அந்தப் பள்ளத்தைப் பெருக்கிக் கழுவி, மூலைகளை உருட்டிப் பூசி, நீர்க்காப்புப் பூச்சை இரண்டு கை, ஒன்று குறுக்காகவும் ஒன்று நெடுக்காகவும், சுவரில் ஓர் அடி உயரம் ஏறும்படி அடிக்க வேண்டும். காய்ந்ததும் 48 மணி நேரம் தண்ணீர் தேக்குங்கள். சுவரில் தண்ணீர் மட்டத்தைப் பென்சிலால் கோடிட்டு வைத்தால் இறங்குகிறதா என்று வாக்குவாதம் வராது. பிறகு கழிவுக் குழாய்களை மட்டம் பார்த்துப் பதித்து, செங்கல் ஜல்லி நிரப்பி, மேலே கான்கிரீட்.

வெந்நீர்க் குழாய் சிபிவிசி, தண்ணீர்க் குழாய் யுபிவிசி. ஷவர் 7 அடியில், கலவைக் குழாய் 3 அடியில். டைல்ஸ் ஒட்டுமுன் குழாய்களின் வாயை அடைத்து, பம்ப் வைத்து அழுத்தம் ஏற்றி ஒரு பகல் விட்டுப் பாருங்கள். அறைக்கு வரும் தண்ணீரை மொத்தமாக அடைக்கும் ஒரு பால் வால்வு வெளிச்சுவரில் இருக்கட்டும். மெயின் ஸ்விட்ச் போலவே இதுவும் பூட்டிய அறைக்கான ஏற்பாடு. ஆளில்லாத அறையில் ஒரு குழாய் பழுதாகி மேல் தொட்டியையே காலியாக்கிய கதைகள் எல்லாத் தெருவிலும் உண்டு.

இனி, பலரும் கவனிக்காத ஒன்று. தரையில் தண்ணீர் வடியும் நஹானி டிராப்புக்குள் 2 அங்குல உயரத்துக்குத் தண்ணீர் எப்போதும் தேங்கி நிற்கும். அந்தத் தண்ணீர்தான் கழிவுக் குழாயின் நாற்றத்துக்கும் கரப்பானுக்கும் கதவு. தினமும் குளிக்கும் அறையில் அது தானாகவே நிறைந்துகொள்ளும். பூட்டிய அறையில், அதுவும் கோடையில், சில வாரங்களில் வற்றிவிடும். அறையைத் திறந்ததும் "என்ன வாடை" என்று கேட்பார்களே, பெரும்பாலும் இதுதான். பினாயிலை ஊற்றி இதைப் போக்க முடியாது. ஒரு வாளித் தண்ணீர் போதும்: பாதியைத் தரைத் துளையில், பாதியை வாஷ்பேசினில், கோப்பையில் ஒரு முறை ஃபிளஷ். வெள்ளிக்கிழமை வாசல் தெளிக்கும்போதே கொல்லை அறைக்கும் ஒரு வாளி என்று வழக்கமாக்கிவிட்டால் மறக்காது. டிராப் வாங்கும்போதே ஆழமான நீர்த்தேக்கம் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். மேலே கரப்பான் தடுப்பு மூடி உள்ள சல்லடையாகப் போடுங்கள்.

வருபவர்களில் முதியவர்கள் நிறைய இருப்பார்கள். தரைக்கு வழுக்காத சொரசொரப்பு டைல்ஸ், மேற்கத்தியக் கோப்பை, அதன் பக்கத்துச் சுவரில் பிடிமானத்துக்கு ஒரு ஸ்டீல் கம்பி. கம்பி வரும் இடத்தில் சுவர் உறுதியான செங்கல்லாக இருக்க வேண்டும். டைல்ஸில் மட்டும் திருகினால் விழுபவரோடு கம்பியும் வரும். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே யாராவது மயங்கி விழுந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடலே அடைத்துக்கொள்ளும். வாசற்படியில் தண்ணீர் தடுக்க அரை அங்குல இறக்கம் போதும். 3 அங்குலக் கல் வைத்துத் தடுக்கி விழ வைக்காதீர்கள். தரை வாட்டம் 5 அடிக்கு ஓர் அங்குலம். டைல்ஸ் ஒட்டி முடித்ததும் ஒரு குவளைத் தண்ணீரைக் கதவோரம் ஊற்றி, அது எங்கே போகிறது என்று நின்று பாருங்கள். கூலி பைசல் அதற்குப் பிறகு.

காற்றுப்போக்கியில் கண்ணாடிப் பட்டைகளோடு ஓர் எக்ஸாஸ்ட் விசிறியும் நுணுக்கமான கொசுவலையும் வேண்டும். வலை இல்லையென்றால் குளவி கூடு கட்டும்.

தரை

ஆத்தங்குடிக் கல் போடலாமா என்று என்னிடம் கேட்காத ஆள் இல்லை. காரைக்குடிக்கு அருகிலுள்ள ஆத்தங்குடியில், கண்ணாடிப் பலகை மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றிச் செய்து, சுடாமல் தண்ணீரில் ஊறவைத்தே இறுக்கும் அந்தக் கல் எனக்கும் பிடித்தமானது. ஆனால் அது காலடி பட்டுப் பட்டுத்தான் பளபளப்பேறும். மனிதர் நடக்காத அறையில் அந்த மெருகு வராது. அதோடு சிமெண்டுக் கல் கீழிருந்து ஏறும் ஈரத்தை உறிஞ்சும்; படுகை மண்ணில், மழைக்காலத்தில் கைக்கெட்டும் ஆழத்தில் ஊற்று நிற்கும் கொல்லையில், வெண்திட்டு விழ வாய்ப்பு அதிகம். ஆசிட் ஊற்றிக் கழுவினால் நிறமும் போகும். திண்ணைக்கு வேண்டுமானால் ஆசை தீரப் போட்டுக்கொள்ளுங்கள். அங்கே தினமும் யாராவது உட்காருவார்கள். சிவப்புக் காவித் தரைக்கும் இதையேதான் சொல்வேன். அதை மெழுகத் தெரிந்த கைகளும் இப்போது குறைந்துவிட்டன.

அறைக்குள் விட்ரிஃபைட் டைல்ஸ். பார்க்க அழகாக ஒன்றும் இல்லைதான். நீரை அநேகமாக உறிஞ்சாது, துடைத்தால் போதும். 2 அடிச் சதுரக் கல்லாக எடுத்தால் 168 சதுர அடிக்கு 42 கல். 4 அங்குலச் சுவரோரப் பட்டைக்கு இன்னும் 4 கல். வெட்டிலும் உடைவிலும் போவதற்கு நூற்றுக்குப் பத்து சேர்த்தால், பெட்டிக்கு 4 கல் வீதம் 13 பெட்டி. பதினான்காவதாக ஒரு பெட்டியை வாங்கிப் பரணில் போட்டுவிடுங்கள். மூன்று வருஷம் கழித்து ஒரு கல் உடைந்தால் அதே நிறம் கடையில் கிடைக்காது. வாங்கும்போது எல்லாப் பெட்டியிலும் ஒரே தொகுதி எண் இருக்கிறதா என்று பார்த்து ஏற்றுங்கள்.

நீரை உறிஞ்சாத கல்லைச் சிமெண்டுப் பால் மட்டும் பிடித்துக்கொள்ளாது. ஒட்டும் பசையைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே 2 மில்லிமீட்டர் இடைவெளி. மறுவாரம் ஒரு நாணயத்தால் கல் கல்லாகத் தட்டிக்கொண்டே போனால், உள்ளே வெற்றிடம் உள்ள கல் டங்கென்று காட்டிக்கொடுக்கும்.

தரை போடுமுன் கறையான் மருந்து அடித்தீர்களா? அஸ்திவாரத்தின்போது அடித்திருந்தால் நல்லது. இல்லையென்றால் சுவரும் தரையும் சேரும் ஓரத்தில் ஓர் அடிக்கு ஒரு துளை போட்டு, இமிடாக்ளோபிரிட் போன்ற மருந்தை உரிமம் பெற்ற ஆளைக் கொண்டு இறக்குங்கள். தென்னையும் மாவும் நிற்கும் கொல்லையில், ஆளரவமில்லாத அறையைக் கறையான் முதலில் கண்டுபிடிக்கும்.

பட்டி, பெயின்ட், மரம்

பட்டியைத் தேய்க்கும்போது எழும் தூசி டைல்ஸ் இணைப்பில் புகுந்தால் போகாது. அதனால் பட்டியும் பிரைமரும் தரைக்கு முன்பு. கடைசிக் கை பெயின்ட் தரைக்குப் பின்பு. வெள்ளை சிமெண்டுப் பட்டிக்குச் சுவரை லேசாக நனைத்துக்கொண்டு இரண்டு கை இழுத்து, உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் ஒரு கை, எமல்ஷன் இரண்டு கை. நம் அறைக்குக் கதவு ஜன்னல் நீக்கிச் சுவர் சுமார் 460 சதுர அடி, கூரை 168. பட்டி 40 கிலோ மூட்டை ஒன்று. சுவர் எமல்ஷன் 7 அல்லது 8 லிட்டர். பெயின்டர் இதற்கு மேல் மிகுதியாகக் கேட்டால் காரணம் கேளுங்கள்.

விலை உயர்ந்த, ரப்பர்போலப் படியும் பெயின்ட் இந்த அறைக்கு வேண்டாம் என்பது என் தீர்ப்பு. ஈரம் உள்ளே சிக்கினால் அது உப்பும். மேற்குச் சுவருக்கும் குளியலறையை ஒட்டிய சுவருக்கும் வெறும் சுண்ணாம்பே அடித்தவர்களை அறிவேன். வருஷத்துக்கு ஒரு முறை பொங்கலுக்கு அடித்துக்கொள்கிறார்கள்; சுவர் மூச்சுவிடுகிறது, பூஞ்சை பிடிப்பதில்லை. சட்டையில் ஒட்டும் என்பது ஒன்றுதான் குறை.

சுவரில் பதிக்கும் மர அலமாரியை விட்டுவிடுங்கள். துகள் பலகை ஒரே மழைக்காலத்தில் ஊதிவிடும்; கதவு போட்ட அலமாரிக்குள் பூஞ்சை வாடை நிரந்தரமாகத் தங்கிவிடும். கடப்பாக்கல் பலகை வைத்த திறந்த அலமாரி மூன்று தட்டு, துணி மாட்ட ஒரு ஸ்டீல் கம்பி, கொக்கிகள் ஏழெட்டு. இரண்டு நாள் தங்குபவர் பெட்டியிலிருந்து துணியை எடுத்து அடுக்குவதே இல்லை. பெட்டியைத் திறந்து வைக்க முட்டியளவு உயரத்தில் ஒரு கல் மேடைதான் அவருக்கு வேண்டும். மரம் இல்லாமல் தீராது என்றால் 710 முத்திரையுள்ள பிளைவுட்டாக எடுத்து, முதுகுப் பலகையைச் சுவரிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி நிறுத்துங்கள். வாசல் நிலைக்கு வேங்கையோ தேக்கோ. குளியலறைக்கு மரமே வேண்டாம், டபிள்யூபிசி கதவு போதும்.

ஜன்னலுக்கு மேலே, எதிரெதிர்ச் சுவர்களில், 9 அங்குல உயரத்துக்கு இரண்டு காற்றுத் துளைகளை வலையோடு விட்டுவையுங்கள். அறை பூட்டியிருந்தாலும் அவை பூட்டப்படுவதில்லை. ஏசி போடும் நாளில் உள்ளிருந்து மூட ஒரு சின்னக் கதவு இருந்தால் போதும். பொய்க்கூரை வேண்டாம், 10 அடி உயரத்தை 9 ஆக்கி, நடுவில் எலிக்கு ஒரு மாடி கட்டிக் கொடுப்பது அது.

மெத்தை பஞ்சோ, தென்னை நாரோ, வெயிலில் தூக்கிப் போடக்கூடிய எடையில் இருக்கட்டும். விருந்தாளி போனதும் அதைக் கட்டில் மேல் நிமிர்த்தி வைத்தால் அடியில் காற்றுப் போகும். தலையணை, போர்வை, துண்டு எல்லாம் பெரிய வீட்டு அலமாரியிலேயே இருக்கட்டும். அவை இந்த அறைக்கு விருந்தாளியோடு வந்து விருந்தாளியோடு போக வேண்டியவை. கீசர் ஸ்விட்ச், விசிறி ஸ்விட்ச் இரண்டின் மேலும் தமிழில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

எல்லாம் முடிந்தபின், முதல் விருந்தாளி வருமுன், அறையை ஒரு வாரம் பூட்டிவையுங்கள். எட்டாம் நாள் சாயங்காலம் திறந்து, வாசலில் நின்று முகர்ந்து பாருங்கள். அன்றிரவு நீங்களும் உங்கள் மனைவியும், அல்லது கணவரும், அங்கேயே படுங்கள். பெரிய வீட்டிலிருந்து ஒன்றும் எடுத்து வரக் கூடாது என்பது நிபந்தனை. கொசுவத்தி எங்கே, குடிதண்ணீர் எங்கே, ஈரத் துண்டை எங்கே உலர்த்துவது, ராத்திரி இரண்டு மணிக்குக் கையை நீட்டினால் ஸ்விட்ச் கிடைக்கிறதா, கொல்லைக் கதவுத் தாழ்ப்பாள் உள்ளிருந்து விழுகிறதா என்று ஒவ்வொன்றாகத் தெரியவரும். எதற்காகவெல்லாம் எழுந்தீர்களோ அதை ஒரு தாளில் எழுதிவையுங்கள். மேஸ்திரிக்கும் மின்வேலைக்காரருக்கும் கடைசித் தவணையை அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கொடுங்கள்.